கறவைப் பசுவும் சுண்ணச் சத்தும்
எச்சரக்கை வாங்குவது, எப்பொழுது கொடுப்பது

மூன்றாம் ஈற்றுக் கலப்பினப் பசு ஒன்று இரவில் கன்று ஈனுகிறது. கன்று நலமாக இருக்கிறது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, மடி நிறையச் சீம்பால். வீட்டார் மகிழ்ச்சியோடு உறங்கப் போகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் தொழுவத்துக்கு வந்து பார்க்கையில் பசு தரையில் படுத்துக் கிடக்கிறது. கழுத்து விலாப்பக்கமாக மடங்கியிருக்கிறது, காதுகள் சில்லிட்டிருக்கின்றன, மூக்கு வறண்டிருக்கிறது, எழுப்பினாலும் எழுவதில்லை. இதைக் கண்ட குடியானவர், "சினைக்காலம் முழுவதும் நாள் தவறாமல் கால்சியம் ஊற்றினேனே, எனக்கா இப்படி?" என்று மனம் நொந்து கேட்பது வழக்கம். அவர் கால்சியம் கொடுத்தது மெய். ஆனால் கொடுக்கக்கூடாத காலத்திற் கொடுத்ததே இத்துன்பத்திற்கு ஒரு காரணமாயிருந்திருக்கக் கூடும் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை.

இந்நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயர்தான் காய்ச்சலேயன்றி உடம்பில் சூடு இராது. சூடு குறைந்தே காணும். பசுவின் உடலிலுள்ள சுண்ணச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிது. 400 கிலோ எடையுள்ள பசுவின் இரத்தத்திலுள்ள கால்சியம் முழுவதையும் திரட்டினால் 2 கிராம் அளவே தேறும். ஒரு லிட்டர் சீம்பாலிலோ ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஆகவே ஈன்ற அன்று மடியில் 8 லிட்டர் சீம்பால் இறங்குமாயின், இரத்தத்தில் உள்ளதைப் போல் எட்டு மடங்கு கால்சியம் ஒரே நாளில் வெளியேறுகிறது. இந்த நஷ்டத்தை உடனுக்குடன் ஈடு செய்தால்தான் தசைகள் இயங்கும். ஈடு செய்வதற்கு இரண்டு வழிகளே உள்ளன: எலும்பிலுள்ள சேமிப்பிலிருந்து எடுத்தல் ஒன்று, தீவனத்திலுள்ளதைக் குடல் வழியே மிகுதியாக ஈர்த்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் நடத்துவது கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பி.

இந்தச் சுரப்பியின் இயல்பை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். தீவனத்தில் கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருக்கையில் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாமையால் அது சோம்பிக் கிடக்கிறது. ஈற்றன்று திடீரென்று அழைத்தால், அது விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து சத்தை எடுத்துக்கொடுக்க ஒன்றிரண்டு நாள் ஆகிவிடுகிறது. அந்த ஒன்றிரண்டு நாளில்தான் பசு விழுகிறது. ஈற்றுக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் தீவனத்தில் கால்சியம் குறைவாக இருந்தாலோ, சுரப்பி முன்னரே வேலைக்குப் பழகி ஆயத்தமாக நிற்கிறது. எனவே கறவை வற்றிய சினைப்பசுவுக்குக் கடைசி மூன்று வாரங்களில் சுண்ணாம்புக்கல் மாவையும் கால்சியம் மருந்துகளையும் அடியோடு நிறுத்திவிடுதல் வேண்டும். அந்நாட்களில் அகத்தி, குதிரை மசால், வேலி மசால் முதலிய சுண்ணம் மிகுந்த தழைகளையும் குறைத்து, புல்லும் வைக்கோலும் அளவான அடர்தீவனமும் கொடுப்பது உசிதம். கன்று ஈன்றவுடன் சுண்ணச் சத்தைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். சினை முற்றிய பசுவுக்குச் சத்து நிறையக் கொடுப்பது நல்லதுதானே என்று பலர் கருதுவர்.  சுண்ணச் சத்தின் விஷயத்தில் அது தவறு.

முதல் ஈற்றுக் கிடாரிக்கு இந்நோய் வருவது அரிது. மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்டவையும், பால் மிகுதியாகக் கறப்பவையுமே விழுகின்றன. ஜெர்ஸி இனத்துக்கு இதன் தொல்லை மற்ற இனங்களைவிட அதிகம். தமிழ்நாட்டின் கலப்பினப் பசுக்களிற் பெரும்பாலானவற்றில் ஜெர்ஸி இரத்தம் கலந்திருப்பதால், பாட்டனார் காலத்து நாட்டுப் பசுக்களில் காணாத நோய் இப்பொழுது தொழுவந்தோறும் பேசப்படுகிறது.

முற்காலத்தில் மேல்நாடுகளில் இந்நோய் கண்ட பசுக்களிற் பெரும்பகுதி இறந்தன. 1897ஆம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்துக் கோல்டிங் நகரில் ஷ்மிட் என்னும் கால்நடை வைத்தியர், மடியில் விஷம் உண்டாவதாக எண்ணி, காம்புகளின் வழியே பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினார். பசுக்கள் எழுந்தன. பிறகு வெறுங்காற்றை மடியில் ஏற்றினாலும் எழுகின்றன என்று கண்டனர். எண்ணம் பிழை, பலன் மெய். மடி காற்றால் உப்பியதும் பால் சுரப்பது நிற்க, இரத்தத்திலிருந்து கால்சியம் வெளியேறுவதும் நின்றது என்பதே அதன் உட்பொருள். 1925ஆம் ஆண்டில் எடின்பரோவில் டிரையர், கிரெய்க் என்னும் இருவர் இரத்தத்திற் கால்சியம் குறைவதே இந்நோயின் மூலம் என்று எடுத்துரைத்தனர். பத்தாண்டுகளுக்குள் கால்சியம் போரோகுளுக்கோனேட்டு ஊசி வழக்கத்துக்கு வந்தது. இன்றும் அதுவே கைகண்ட மருந்து. அதனை இரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்துதல் வேண்டும். விரைந்து செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். ஆதலின் அது கால்நடை வைத்தியர் செய்யவேண்டிய காரியம்.

வைத்தியர் வரும்வரை வீட்டார் செய்யத்தக்கது ஒன்று, செய்யத்தகாதது ஒன்று. பசு பக்கவாட்டிற் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். எனவே வைக்கோல் மூட்டைகளை அண்டை கொடுத்து நெஞ்சின்மேல் நிமிர்த்தி உட்கார வைக்கவேண்டும். தகாதது யாதெனில், விழுந்து கிடக்கும் பசுவின் வாயைத் திறந்து மருந்தையோ கஞ்சியையோ ஊற்றுவது. அதற்கு விழுங்கும் சக்தி அப்பொழுது இல்லை. ஊற்றியது நுரையீரலுக்குச் சென்று, பால் காய்ச்சலிற் பிழைத்த பசு நிமோனியாவால் மடிவதுண்டு.

இனி அன்றாடத் தேவையைக் கணக்கிடுவோம். 400 கிலோ எடையுள்ள பசு தன் உடலைக் காத்துக்கொள்ள நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 கிராம் கால்சியமும், கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் தீவனத்தில் ஏறக்குறைய 3 கிராமும் வேண்டும். 10 லிட்டர் கறக்குமானால் மொத்தம் 46 கிராம். அதற்கு 6 கிலோ வைக்கோல், 2 கிலோ அரிசித் தவிடு, 2 கிலோ கடலைப் பிண்ணாக்கு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வைக்கோலிலிருந்து 15 கிராம், தவிட்டிலிருந்து 2 கிராம், பிண்ணாக்கிலிருந்து 4 கிராம். ஆக 21 கிராமே கிடைக்கும். குறைவு 25 கிராம். வைக்கோலிலுள்ள கால்சியத்திலும் ஒரு பகுதி ஆக்ஸலேட்டு என்னும் பொருளோடு பிணைந்து சாணத்தோடு போய்விடுவதால், உண்மையான குறைவு இதனினும் சற்று அதிகம். வைக்கோலை நீரில் ஊறவைத்து வடித்துக் கொடுத்தால் ஆக்ஸலேட்டில் ஒரு பங்கு கழுவப்பட்டுப் போகும்.

இக்குறைவு பாலிற் காணாது. தீவனத்திற் குறைந்தாலும் பாலிலுள்ள கால்சியத்தின் அளவு மாறுவதில்லை. பசு தன் எலும்பைக் கரைத்துக் கறவைக்குக் கொடுக்கிறது. ஆகையால் பால் நன்றாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருக்கலாகாது.

அதே தீவனத்தில் மணிச்சத்து என்னும் பாஸ்பரஸைக் கணக்கிட்டால் வேறு விதமாக முடிகிறது. இப்பசுவுக்கு வேண்டியது ஏறக்குறைய 31 கிராம். தவிடு ஒன்றே 26 கிராம் தருகிறது. பிண்ணாக்கு 12, வைக்கோல் 5. ஆக 43 கிராம். பாஸ்பரஸ் மிஞ்சுகிறது, கால்சியம் குறைகிறது. சரக்கைத் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமம் இதில்தான் அடங்கியிருக்கிறது. இப்பசுவுக்கு வேண்டியது சுண்ணம் மாத்திரமே. விலை மலிவான தூய சுண்ணாம்புக்கல் மாவோ, நன்கு பொடித்த கிளிஞ்சல் மாவோ போதும். இவற்றில் நூற்றுக்கு 36 முதல் 38 பங்கு கால்சியம் இருப்பதால், நாளொன்றுக்கு 70 முதல் 90 கிராம் வரை தீவனத்திற் கலந்தால் குறைவு நீங்கும். தவிடும் பிண்ணாக்கும் தாராளமாகக் கொடுக்கும் ஒருவர், விலையுயர்ந்த டைகால்சியம் பாஸ்பேட்டை வாங்குவது மிஞ்சியுள்ள பாஸ்பரஸை மேலும் மிகுவிப்பதே ஆகும்.

மேய்ச்சலையும் வைக்கோலையுமே நம்பி, தவிடு கைப்பிடியளவே காணும் பசுவின் நிலைமை இதற்கு நேர்மாறானது. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகச் சொற்பம். இத்தகைய பசுவுக்கு வெறும் சுண்ணாம்பைக் கொடுத்தால் இருக்கிற சிறிது பாஸ்பரஸுக்கும் இடையூறு உண்டாகும். இதற்கே டைகால்சியம் பாஸ்பேட்டு ஏற்றது. அதில் நூற்றுக்கு 23 அளவு கால்சியமும் 18 அளவு பாஸ்பரஸும் உள்ளன. 50 கிராம் கொடுத்தால் சுமார் 11 கிராம் கால்சியமும் 9 கிராம் பாஸ்பரஸும் கிடைக்கும். பசு மண்ணை நக்குவதும், கந்தல் துணியை மெல்லுவதும், கிடைத்த எலும்பைக் கடிப்பதும் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவின் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் கடைக்குச் சென்று கால்சியம் வாங்கிவரும் வழக்கம் எங்கும் உண்டு. அது நோய் ஒன்று மருந்து வேறொன்று என்பதாகும். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் ஸர் ஆர்னால்டு தீலர், பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் பசி மிகுந்து செத்த விலங்குகளின் எலும்பைத் தின்பதையும், அழுகலிலுள்ள விஷத்தால் கூட்டங்கூட்டமாக மடிவதையும் ஆராய்ந்து, எலும்பு மாவைக் கொடுத்து அவ்வழக்கத்தைப் போக்கலாமெனக் காட்டினார்.

எலும்பு மாவைப்பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். முன்னாட்களில் ஆவியில் வேகவைத்த எலும்பு மாவு சிறந்த சரக்காக எங்கும் சிபாரிசு செய்யப்பட்டது. 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பசுக்களின் மூளையைத் தாக்கும் ஒரு புது நோய் கண்டறியப்பட்டது. மாமிச எலும்பு மாவை மாடுகளுக்கே தீவனமாக்கியதால் அது பரவிற்று என்று தெளிந்து, 1988ஆம் ஆண்டில் அந்நாட்டார் அதைத் தடுத்தனர். ஆதலால் அசைபோடும் விலங்குகளின் எலும்பை மீண்டும் அவற்றுக்கே கொடுக்கும் முறையைக் கைவிடுவதே சிலாக்கியம். எலும்பு மாவை வயலுக்கு எருவாக இடலாம். மாட்டுத் தொட்டிக்கு அது வேண்டியதில்லை.

பசுந்தீவனம் உடையவர்களுக்குக் கடைச்சரக்கே தேவைப்படாமற் போகலாம். குதிரை மசால், அகத்தி, வேலி மசால் முதலியவற்றின் பச்சைத் தழையில் கிலோவுக்கு இரண்டரை முதல் 3 கிராம் வரை கால்சியம் இருக்கிறது. மேற்கூறிய 25 கிராம் குறைவை 8 முதல் 10 கிலோ தழை நிரப்பிவிடும். புரதச் சத்தும் உடன் வருவதால் பிண்ணாக்கையும் ஓரளவு குறைக்கலாம். உலர்ந்த நிலக்கடலைக் கொடியில் கிலோவுக்கு 10 கிராம் வரை உண்டு. அறுவடையானதும் அதை மழையில் நனையவிட்டு வீணாக்குபவர் பலர். ஈரத் தழையைத் தனியே வயிறு நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும். வாடவைத்து வைக்கோலுடன் கலந்து கொடுக்கவேண்டும். வரப்பிலே நான்கு வரிசை அகத்தி உள்ள மிராசுதாரர் ஆண்டு முழுவதும் மருந்துக்கடைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு மிச்சமாகும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைப் பசுவுக்குக் கொடுக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரினாற் கெடுதி இல்லை. பிரயோசனமும் அதிகம் இல்லை. சுண்ணாம்பு நீரிற் கரைவது மிகக் குறைவாதலால் ஒரு லிட்டர் தெளிவில் 1 கிராம் கால்சியங்கூட இராது. 25 கிராம் குறைவை நிரப்பப் பசு அதில் ஏறக்குறைய 28 லிட்டர் குடிக்கவேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பையே கலக்கிக் கொடுத்தாலோ வாயும் குடலும் வெந்துபோகும். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் சுவருக்கு உரியவை. தீவனத்துக்கு உரியது சுடாத கல்லின் மாவு.

கடைகளில் புட்டியில் விற்கும் கால்சியம் தைலங்களின் மேல் பசுவின் படம் பெரிதாயும் கால்சியத்தின் அளவு சிறிதாயும் அச்சிட்டிருக்கும். வாங்குவோர் சிறிய எழுத்தைப் படிப்பது நலம். கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு 40 பங்கு கால்சியம். கால்சியம் குளுக்கோனேட்டில் 9 பங்கே. "100 கிராம் கால்சியம் குளுக்கோனேட்டு" என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 9 கிராம்தான். உப்பின் எடை வேறு, கால்சியத்தின் எடை வேறு. ஈற்றையொட்டிய ஒன்றிரண்டு நாட்களுக்கு, நிற்கவும் விழுங்கவும் கூடிய பசுவுக்கு, விரைவிற் கரையும் இத்தைலங்கள் உதவுவதுண்டு; அதையும் வைத்தியர் யோசனைப்படி கொடுப்பது நல்லது. மாதக்கணக்காக அன்றாடத் தேவைக்கு இவற்றை வாங்குவது தண்ணீரை விலைக்கு வாங்குவதற்குச் சமானம். கால்சியத்தோடு செம்பு, துத்தநாகம், அயோடின் முதலியவையும் சேர்ந்த தாது உப்புக் கலவைகள் பால் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே கிடைக்கின்றன. அவற்றிற்கு ஐ.எஸ். 1664 என்னும் இந்தியத் தர அளவு உண்டு. மூட்டையின்மேல் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கவும். தொழுவத்துப் பசுக்கள் பல தரப்பட்டனவாயிருந்து தனித்தனியே கணக்குப் பார்க்க இயலாதவர்களுக்கு இக்கலவையே பொருந்தும்.

வாங்கிய சரக்கை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் மாவில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். நுரைக்காமல் அடியிற் கிடப்பது மணலும் மண்ணும். டைகால்சியம் பாஸ்பேட்டு அவ்வாறு நுரைக்காது. நுரைத்தால் அதில் மலிவான சுண்ணாம்புக்கல் மாவு கலந்திருப்பதாகச் சந்தேகிக்க இடமுண்டு. கிராம அலுவலர்களும் சங்கக் காரியதரிசிகளும் ஊருக்கு மொத்தமாகச் சரக்கு வாங்கும்பொழுது, மாதிரி ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் புளோரின் அளவையும் கேட்டறிதல் வேண்டும். ஏனெனில் உரத்துக்கென்று வரும் பாறைப் பாஸ்பேட்டில் புளோரின் மிகுதி. அதைத் தீவனச் சரக்கென்று கொடுத்தால் பற்கள் பழுப்பேறித் தேயும், மூட்டுகள் இறுகும், மாடு நொண்டும், இதற்கு மாற்று மருந்து இல்லை. புளோரின் குடிநீரின் வழியாகவும் வரும். 1937ஆம் ஆண்டில் அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில், கிணற்று நீரிலிருந்த புளோரினால் மக்களின் எலும்பு கெட்டதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தர்மபுரி, சேலம் பக்கங்களில் அத்தகைய நீர் உள்ள கிராமங்களில், சரக்கிலும் புளோரின் சேர்ந்தால் கேடு இரட்டிக்கும். ஆகவே மூட்டையின்மேல் 'தீவனத் தரம்' என்று தெளிவாக எழுதியிராத பாஸ்பேட்டு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

எந்தச் சரக்கானாலும் வெயில் இன்றேல் பாதிப் பலனே. தோலின்மீது சூரிய ஒளி படுவதால் உண்டாகும் டி வைட்டமின்தான் குடலில் கால்சியம் ஏறுவதற்குத் துணை செய்கிறது. பகலெல்லாம் இருண்ட கொட்டகையிற் கட்டியிருக்கும் பசுவைக் காலையில் சிறிது நேரமாவது வெளியிற் கட்டவேண்டும்.

கோழி வளர்ப்போருக்கு இரண்டு வார்த்தை. ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தானியத் தீவனத்திலோ நாளொன்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ஆகவே முட்டையிடும் கோழியின் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை கால்சியம் இருக்கவேண்டும் என்பது நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைக்காரர் யாவரும் அறிந்தது. இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழிக்கு இவ்வளவு கொடுத்தால் சிறுநீரகம் கெடும். பெரிய கோழிகளோடு இளங்கோழிகளையும் ஒரே தொட்டியிற் தின்னவிடும் வீடுகளில் இது நிகழ்கிறது. ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவிலே நடப்பதால், கிளிஞ்சலை மாவாக அரைக்காமல் அரிசிக் குறுணை அளவில் உடைத்து, மாலையில் தனித் தட்டில் வைப்பது நல்லது. பருமனான துண்டுகள் இரைப்பையிற் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவைத் தானே பொறுக்கிக்கொள்ளும்.